வீடற்றோரை எண்ணும் இரவு

ஏடு தொடக்கிய பிள்ளை சில நாட்களிலேயே விரல் மடக்கி எண்ணத் தொடங்கிவிடும். எழுத்தறியாத கிழவியும் தன் கோழிக் குஞ்சுகளை மாலைதோறும் எண்ணிப் பார்த்தே கூட்டில் அடைப்பாள். எண்ணுதல் இத்துணை எளிய காரியமாயிருக்க, கற்றறிந்த மனிதர்கள் இராக்காலத்திலே பாடசாலை மண்டபங்களிற் கூடியிருந்து, எண்ணுவது எவ்வாறு என்று பாடம் கேட்கிறார்கள் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

இக்காட்சி அமெரிக்க நாட்டின் நியூயோர்க் நகரத்திற்கு உரியது. ஜனவரி மாதத்தின் பிற்பகுதியிலே, குளிர் எலும்பைத் துளைக்கும் ஓர் இரவிலே, தொண்டர்கள் பெருந்தொகையாகத் திரளுகிறார்கள். மாணவரும், உத்தியோகத்தரும், வேலையிலிருந்து இளைப்பாறியவரும் அவர்களுள் அடங்குவர். ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு தலைவர் உண்டு. குழுவின் கையிலே ஒரு வரைபடம் கொடுக்கப்படும். அதில் அவர்கள் நடக்கவேண்டிய தெருக்கள் குறிக்கப்பட்டிருக்கும். நள்ளிரவுக்குப் பின் அவர்கள் வெளியே இறங்கி, விடியற்காலம் நான்கு மணி வரையில், அத்தெருக்களிலே வீடின்றி இருப்போரை எண்ணவேண்டும். அவ்வாறு இறங்குமுன் அவர்கள் பெறும் பயிற்சியே இப்பேச்சின் பொருளாகும்.

முதலிலே, இப்படியொரு கணக்கு வேண்டப்பட்டது ஏன் என்பதைப் பார்த்தல் தகும். குடிசன மதிப்பு என்னும் பெருங்கணக்கு வீட்டை அடிப்படையாகக் கொண்டது. கணக்கெடுப்போர் படலையைத் திறந்து உள்ளே சென்று, குடும்பத் தலைவரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். வீடே இல்லாதவனுக்குப் படலை ஏது? விலாசம் ஏது? அவன் உயிரோடு உலாவுகின்றான். ஆயினும் ஏட்டிலே அவனுக்கு இடமில்லாமற் போகிறது. ஏட்டில் இல்லாதவனுக்கு உணவுப் பங்கும் படுக்கையும் வைத்தியமும் ஒதுக்குவதற்கு எந்த அரசினர்க்கும் வழி தெரியாது.

1980ஆம் ஆண்டுகளிலே அமெரிக்க நகரங்களில் வீடற்றோர் தொகை கண்கூடாகப் பெருகிற்று. எத்தனை பேர் என்னும் வினா எழுந்தபோது விடை சொல்வாரிடையே பெரும் பிணக்கு உண்டாயிற்று. 1984ஆம் ஆண்டில் அந்நாட்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களம் 250,000 முதல் 350,000 வரை இருக்கலாம் என்றது. வீடற்றோர்க்காக வாதாடியவர்களோ இருபது இலட்சம் முதல் முப்பது இலட்சம் வரை என்றார்கள். ஒரு தொகைக்கும் மற்றத் தொகைக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு! இவ்விரண்டுள் எதுவும் தெருத் தெருவாகச் சென்று எண்ணிக் கண்டதன்று. உள்ளதை அறியாமல் உதவியைப் பற்றிப் பேசுவது, பந்திக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் உலையில் அரிசி இடுவதை ஒக்கும்.

ஆகவே 1990ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்போது ஒரு முயற்சி செய்யப்பட்டது. மார்ச் மாதம் 20ஆம் தேதி மாலை முதல் 21ஆம் தேதி காலை வரை, நாடெங்கும் கணக்கெடுப்போர் அனுப்பப்பட்டனர். மாலை ஆறு மணி தொடங்கி நள்ளிரவு வரை தங்குமடங்களிலே கணக்கெடுத்தனர். பின்னிரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, முன்னரே குறித்துவைத்த தெருவிடங்களிலே எண்ணினர். நான்கு மணிக்குப் பின்னர், பாழடைந்த கட்டடங்களின் வெளியே நின்று, அங்கிருந்து புறப்படுவோரை எண்ணினர். கிடைத்த தொகை ஏறக்குறைய 228,000.

இக்கணக்கைச் சோதிப்பதற்காக ஐந்து பெருநகரங்களிலே நோட்டக்காரர் சிலர் தெருக்களில் முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருந்தனர். கணக்கெடுப்போர் வருகிறார்களா, வந்து தம்மை எண்ணுகிறார்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை. இரவெல்லாம் குளிரில் இருந்தும் எவரும் தம்மை அணுகவில்லை என்று அவர்களிற் பலர் பின்னர் தெரிவித்தனர். இத்தொகை நாட்டிலுள்ள வீடற்றோர் முழுவதையும் குறிப்பதன்று என்று குடிசன மதிப்புப் பணியகமே ஒப்புக்கொண்டது. சம்பளத்துக்கு ஆளை அமர்த்தித் தெருவுக்கு அனுப்பிவிட்டால் மட்டும் கணக்கு வந்துவிடாது என்பது அன்று விளங்கிற்று. எங்கே பார்ப்பது, யாரைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பவற்றைக் கற்பிக்கவேண்டியிருந்தது.

2005ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டிலே ஒழுங்கான முறையொன்று நிலைபெற்றது. மத்திய அரசினரின் மானியம் பெறும் பிரதேசங்கள் யாவும், ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுள் ஓர் இரவைத் தெரிந்தெடுத்து எண்ணவேண்டும். தங்குமடங்களில் இருப்போரை ஆண்டுதோறும் எண்ணவேண்டும்; வெட்டவெளியில் இருப்போரை இரண்டாண்டுக்கு ஒரு முறையாயினும் எண்ணவேண்டும். பல இடங்களில் இரண்டும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன.

குளிர் மிகுந்த ஜனவரி எதற்கு என்று கேட்கலாம். குளிருக்கு அஞ்சி அநேகர் தங்குமடங்களை நாடுவர். மடத்துக்குள் இருப்போரை எண்ணுவது எளிது. மாதத்தின் முற்பகுதியிலே கையிற் கிடைத்த பணத்தைக்கொண்டு மலிவான விடுதிகளில் தங்கியிருந்தோரும், மாதக் கடைசியிலே பணம் தீர்ந்து வெளியே வந்துவிடுவர். அந்தக் குளிரிலும் தெருவில் இருப்பவன் போக்கிடம் அற்றவன் என்பதில் ஐயமில்லை.

இவ்வாறு திரட்டிய நாடு முழுவதற்குமான தொகை 2007ஆம் ஆண்டில் 647,258 ஆக இருந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அது 771,480 ஆயிற்று. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் கூரையின்றி வெளியே கிடந்தவர்கள். இத்தொகைகள் அறிக்கையாகத் தொகுக்கப்பட்டுக் கொங்கிரஸ் என்னும் சட்டசபைக்குச் செல்கின்றன. எங்கே படுக்கை போதாது, எங்கே குடும்பங்கள் மிகுதி, எங்கே முன்னாட் போர்வீரர் மிகுதி என்பவற்றை நகரங்கள் இவற்றைக்கொண்டே திட்டமிடுகின்றன. ஆகவே ஓர் இரவிலே ஒரு தொண்டர் ஒரு சந்தைத் திரும்பிப் பாராமல் நடந்துவிடுவாராயின், அந்தச் சந்திலே படுத்திருந்தவன் அக்கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் நழுவிவிடுகிறான்.

இனிப் பயிற்சியின் பாடங்களைப் பார்ப்போமாக. முதற் பாடம், எண்ணப்படவேண்டியவர் யார் என்பது. மனிதர் உறங்குவதற்கென்று அமையாத இடத்திலே இரவைக் கழிப்பவர் என்பது அதன் வரைவிலக்கணம். நடைபாதை, பூங்கா, இரயில் நிலையம், பஸ் நிலையம், பாழடைந்த கட்டடம், நிறுத்திவைத்த கார் ஆகியன அத்தகைய இடங்கள். இதைக் கேட்டதும் எளிதாகத் தோன்றும். ஆயின் பின்னிரவு இரண்டு மணிக்கு இரயில் நிலையத்தில் அமர்ந்திருப்பவர், கடைசி வண்டியைத் தவறவிட்டவரா, அல்லது போவதற்கு வீடே இல்லாதவரா? பார்த்த மாத்திரத்தில் அறிய முடியுமா?

முடியாது என்பதுதான் இரண்டாம் பாடம். பயிற்சியின் உயிர்நிலையும் அதுவே. தொண்டர்கள் மண்டபத்துக்கு வரும்போது தம் மனத்திலே ஒரு சித்திரத்தையும் கொண்டு வருகிறார்கள். கந்தலாடை, சடைபிடித்த தலை, மூட்டை முடிச்சு, தனக்குத்தானே பேசும் வாய் – இவையே வீடற்றவனின் அடையாளம் என்பது அச்சித்திரம். இதனைத் தெருவுக்கு எடுத்துச் செல்பவர், அச்சித்திரத்துக்கு ஒத்தவரையே காண்பார். ஒவ்வாதவரைக் கடந்து போவார். எடுத்துக்காட்டாக, துப்புரவான மேலங்கி அணிந்து, கைப்பையை மடிமேல் வைத்துக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பவர்போல ஒரு பெண் அமர்ந்திருக்கலாம். தனித்த பெண்ணுக்குத் தெருவிலே பாதுகாப்பு அவ்வாறு தோன்றுவதில்தான் இருக்கிறது. வீடற்றவள் என்று தோன்றாதிருக்க அவள் பெருமுயற்சி செய்கிறாள். அம்முயற்சியே அவளைக் கணக்கிலிருந்து மறைத்துவிடுகிறது. அவளுக்கு எதிரே அழுக்கேறிய சட்டையோடு நடந்து போகும் கிழவர் இரவு வேலை முடிந்து தம் வீட்டுக்குப் போகிறவராயிருக்கலாம்.

ஆதலால் நியூயோர்க் முறையிலே தொண்டர்க்கு விதிக்கப்படுவது இது: விழித்திருப்பவராய் எதிர்ப்படும் எவரையும் விடாமற் கேட்கவேண்டும். கடமையிலிருக்கும் பொலிசார், தெருக்கூட்டும் தொழிலாளர் போன்றோர் மட்டுமே இதற்கு விலக்கு. நல்ல உடை உடுத்தவரையும் கேட்கவேண்டும். சிரித்துப் பேசிச் செல்லும் இளைஞரையும் கேட்கவேண்டும். கேள்வியும் கவனமாக அமைக்கப்பட்டது. “நீர் வீடற்றவரா?” என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்டால் மானமுள்ளவர் அல்லர் என்றே சொல்வர். இன்றிரவு உமது வீடு என்றோ, வசிக்கும் இடம் என்றோ நீர் கருதும் இடம் ஏதும் உமக்கு உண்டா என்ற கருத்துப்படவே கேட்பர். உண்டு என்பாரிடம், அது எத்தகைய இடம் என்று அடுத்து வினவுவர். வீதியோரத்தில் நிற்கும் கார் ஒன்றைத் தம் இடம் என்று சொல்வோரும் இருப்பரல்லவா?

இக்கேள்வியைப் பழகுவதற்கே பயிற்சி வேண்டும். முன்பின் அறியாத ஒருவரை நள்ளிரவில் நிறுத்தி, வீடு உண்டா என்று கேட்க எவர்க்கும் நாக்கூசும். அந்தக் கூச்சம் இரக்கத்தினாலேயே பிறக்கக்கூடும். ஆயினும் அதன் பயன் கேடாக முடிகிறது. கேட்டால் மனம் நோவாரோ என்று எண்ணித் தொண்டர் விலகிப் போனால், நோவாதிருந்த அந்த மனிதர் கணக்கிலே இல்லாதவராகிறார். ஆதலால் மண்டபத்திலே தொண்டர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகுவது உண்டு. வணக்கம் சொல்லித் தொடங்குதல், வந்த காரியத்தை ஒரு வாக்கியத்திற் கூறுதல், மறுத்தால் நன்றி சொல்லி அகலுதல் ஆகியவற்றை வாய்ப்பாடம்போலப் பழகுகிறார்கள்.

மூன்றாம் பாடம் மரியாதை. உறங்குபவரை எழுப்பக்கூடாது. கைவிளக்கின் ஒளியை எவர் முகத்திலும் பாய்ச்சக்கூடாது. புகைப்படம் எடுத்தல் ஆகாது. கூடாரத்தின் துணியை விலக்கிப் பார்த்தல் ஆகாது; அத்துணி உள்ளே இருப்பவருக்குக் கதவாகும். கதவைத் தட்டாமல் திறப்பவர் விருந்தினரும் அல்லர், தொண்டரும் அல்லர். உறங்குபவரைப் பொறுத்தவரையில், ஆணா, பெண்ணா, ஏறத்தாழ எவ்வயதினர் என்பவற்றைக் கண்ணாற் கண்ட அளவிற் குறிக்கலாம். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதவேண்டும். தம்மால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எதையும் கொடுத்தல் கூடாது. தங்குமடத்துக்குப் போக எவரேனும் விரும்பினால் குழுத் தலைவர் அதற்குரியோருக்கு அறிவிப்பார். உதவி வேண்டாம் என்பாரை வற்புறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

நான்காம் பாடம் எல்லை. வரைபடத்திற் காட்டிய தெரு ஒவ்வொன்றையும் முற்றாக நடந்து பார்க்கவேண்டும், இருமருங்கும் பார்க்கவேண்டும். எல்லைக்கு அப்பால் ஒருவர் படுத்திருப்பது தெரிந்தாலும் அவரை எண்ணுதல் கூடாது. அவரை எண்ணுவதற்கு வேறொரு குழு வரும். இருவரும் எண்ணினால் ஒருவர் இருவராவார். நகரம் முழுவதையும் ஒரே இரவில் நடந்து முடிக்க இயலாமையால், வீடற்றோர் மிகுதியாக இருக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் பார்த்து, மற்றப் பகுதிகளுள் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கியெடுப்பதுபோலத் தெரிந்து பார்க்கிறார்கள். பார்த்தவற்றைக் கொண்டு பாராதவற்றை மதிப்பிடுகிறார்கள்.

இதிலிருந்து எழுவது ஐந்தாம் பாடம். அது கற்பதற்கு எளிது; கடைப்பிடிப்பதற்கு அரிது. நான்கு மணி நேரம் பனியில் நடந்தும் ஒருவரையும் காணாத குழு, வெறுமை என்றே எழுதவேண்டும். பாடுபட்டு நடந்தவர்க்குப் பயன் ஏதாவது காட்டவேண்டும் என்னும் ஆசை உண்டாவது இயல்பு. ஆயின் சீட்டிலே தெரிந்தெடுத்த அந்தத் தெரு, பாராத பல தெருக்களுக்குப் பிரதிநிதியாக நிற்கிறது. அங்கே ஒன்றை ஏற்றி எழுதினால் பல ஏறும். ஒன்றை விட்டால் பல குறையும். பூச்சியமும் உண்மையான விடையே என்று தொண்டர்க்கு அழுத்திச் சொல்லப்படுகிறது.

பாடம் கற்பித்தால் சோதனையும் வைக்கவேண்டுமல்லவா? நியூயோர்க்கிலே அச்சோதனை விநோதமான முறையில் வைக்கப்பட்டது. எண்ணும் இரவிலே, தெருவிலிருப்போர் போன்று ஆட்கள் சிலரை ஆங்காங்கே இருத்திவைத்தார்கள். அவர்கள் எவ்விடத்தில் இருக்கிறார்கள் என்பது தொண்டர்க்குத் தெரியாது. தொண்டர் வந்து உரிய கேள்வியைக் கேட்டால், இருந்தவர் தம் அடையாளச் சின்னத்தைக் காட்டித் தம்மைத் தெரிவிப்பார். எவரும் வந்து கேளாவிட்டால் விடியும் வரை காத்திருந்து அதனை அறிவிப்பார். பத்துப் பேரை இருத்திவைக்க ஏழு பேரே காணப்பட்டால், உண்மையில் தெருவிலிருந்தோரிலும் பத்துக்கு ஏழு பேரே காணப்பட்டிருக்கலாம் என்று கணித்து, எண்ணிய தொகையை அவ்விகிதப்படி உயர்த்தலாம். குளத்து மீன்களை மதிப்பிட விரும்புவோர், சில மீன்களுக்குக் குறியிட்டு விட்டுப் பின்பு வலை வீசி, குறியிட்டவற்றுள் எத்தனை அகப்படுகின்றன என்று பார்க்கும் முறைக்கு இது உறவானது.

2005ஆம் ஆண்டிலே கிம் ஹொப்பர், மேரிபெத் ஷின் முதலிய ஆய்வாளர் இம்முறையைக் கொண்டு நகரத்தின் கணக்கைச் சோதித்தனர். அவர்கள் ஆட்களை இருத்திய இடங்களுள் 17 இடங்களில், அதாவது நூற்றுக்கு 29 வீதமான இடங்களில், தம்மை எவரும் எண்ணவில்லை என்று இருந்தவர்கள் அறிவித்தனர். காணக்கூடிய இடத்திலே, காணப்படுவதற்கென்றே இருந்தவர்கள் இவர்கள் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக. கூரையற்றோரை அதன் பின்னர் விசாரித்தபோது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. எண்ணிய இரவிலே அவர்களுள் நூற்றுக்கு 31 முதல் 41 வரையானோர் எவர் கண்ணுக்கும் புலப்படாத இடங்களில் இருந்திருக்கின்றனர். கண்முன் இருந்தவரைக் காணத் தவறியது ஒன்று. கண் எட்டாதவர் ஒன்று. முன்னையதைப் பயிற்சியாற் குறைக்கலாம். பின்னையதற்கு வேறு வழி தேடவேண்டும்.

எல்லா நகரங்களும் ஒரே வகையாக எண்ணுவதில்லை. நியூயோர்க்கிலே 1979ஆம் ஆண்டு தொடுத்த வழக்கொன்றின் முடிவாக 1981இல் ஏற்பட்ட இணக்கத்தின் பயனாக, தங்குமிடம் கேட்போர்க்கு அதனை அளிக்கும் கடமை நகரத்துக்கு உண்டாயிற்று. ஆகவே அங்கே வீடற்றோருள் மிகப் பெரும்பாலோர் மடங்களில் இருக்கின்றனர். 2024 ஜனவரியில் தெருவிலும் சுரங்க இரயில் நிலையங்களிலும் இருந்தோர் 4,140 பேர் என்று மதிக்கப்பட்டது. மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலோ, அதே ஆண்டில் வீடற்றோர் 75,312 பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் அளவில் வெளியே இருந்தனர். பரந்த நிலப்பரப்பு அது. அங்கே எண்ணும் வேலை மூன்று இரவுகள் நடைபெறும்.

லொஸ் ஏஞ்சல்சிலே தொண்டர்க்குக் கற்பிக்கப்படும் பாடம் நியூயோர்க் பாடத்துக்கு நேர்மாறானது. அங்கே எவரையும் அணுகுதல் ஆகாது. கேள்வி கேட்டல் ஆகாது. காரில் மெல்லச் சென்றும், நடந்தும், கண்டவற்றைக் குறிக்கவேண்டும். மனிதர் எத்தனை பேர், கூடாரங்கள் எத்தனை, ஒதுக்கிடங்கள் எத்தனை, மக்கள் குடியிருக்கும் வாகனங்கள் எத்தனை என்று மட்டுமே பதியவேண்டும். கூடாரத்துக்குள் இருப்பவர் ஒருவரா, மூவரா என்பது வெளியிலிருந்து தெரியாது. அதற்காகத் தேர்ச்சி பெற்றோர் வேறு நாட்களில் மாதிரி விசாரணை செய்து, ஒரு கூடாரத்துக்குச் சராசரி எத்தனை பேர், ஒரு வாகனத்துக்குச் சராசரி எத்தனை பேர் என்று கண்டு, தொண்டர் தந்த தொகையை அதனாற் பெருக்குகிறார்கள். ஒரு நகரத்திலே கேளாமற் போவது பிழை. மற்ற நகரத்திலே கேட்பது பிழை. ஆனால் எந்த ஊரிலும், விதித்த முறையினின்று தொண்டர் தம் மனம்போல விலகுதல் ஆகாது என்பது பொது. ஒருவர் கேட்டும் ஒருவர் கேளாமலும் எண்ணினால், சென்ற ஆண்டுத் தொகையை இவ்வாண்டுத் தொகையோடு ஒப்பிட முடியாது.

கண் எட்டாதவரைத் தேடுவதற்குப் பல பிரதேசங்கள் நல்லதொரு வழியைக் கைக்கொண்டன. வீடின்றி வாழ்ந்த அனுபவமுடையோரையே வழிகாட்டிகளாக அழைத்து, அவர்கள் உழைப்புக்கு ஊதியமும் கொடுத்தார்கள். எந்தப் பாலத்தின் கீழே காற்று வீசாது, எந்தக் கட்டடத்தின் பின்புறம் வெப்பம் கசியும், எந்தக் கடை இரவு முழுவதும் திறந்திருக்கும் என்பவற்றை வரைபடம் சொல்லாது, அவர்கள் சொல்வார்கள். சிறப்பாக இளவயதினரைக் காண்பது அரிது. அவர்கள் ஓரிடத்திற் படுப்பதில்லை. இரவெல்லாம் நடந்தும், பஸ்ஸில் அமர்ந்தும், தோழர் வீடுகளில் மாறி மாறித் தங்கியும் காலம் கழிப்பர். அவர்களை அறிந்த இளைஞரே அவர்களிடம் அழைத்துச் செல்லக்கூடியவர்கள்.

சியாற்றில் நகரம் அமைந்துள்ள கிங் மாவட்டத்தினர், பல ஆண்டுகளாகத் தொண்டரைக் கொண்டு தெருவில் எண்ணி வந்த முறையை 2022ஆம் ஆண்டிலே கைவிட்டனர். அதற்குப் பதிலாக, வீடற்ற சிலரை முதலில் சந்தித்து விசாரித்து, அவர்கள் கையிற் சில சீட்டுகளைக் கொடுத்து, அவர்கள் அறிந்த பிறரையும் விசாரணைக்கு அனுப்பச் செய்தனர். அவ்வாறு வந்தோர் வேறு சிலரை அனுப்பினர். இவ்வாறு சங்கிலியாகத் தொடரும் விசாரணையிலிருந்து முழுத் தொகை கணிக்கப்பட்டது. இருளில் இருப்பவனை வெளிச்சம் பிடித்துத் தேடுவதிலும், அவனை அறிந்தவனைக் கொண்டு அழைப்பது மேல் என்று அவர்கள் கண்டனர்.

இன்னும் ஒரு கூட்டத்தார் உளர். அவர்களை எந்த இரவில் எந்தத் தொண்டர் சென்றாலும் காண முடியாது. வாடகை கொடுக்க இயலாமல் வீட்டை இழந்து, உறவினர் வீட்டுக் கூடத்திலே பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடக்கும் குடும்பத்தினரே அவர்கள். தலைக்குமேற் கூரை இருப்பதால் ஜனவரி இரவின் வரைவிலக்கணத்துள் அவர்கள் அடங்குவதில்லை. ஆயினும் அந்நாட்டுப் பாடசாலைகள் வேறொரு கணக்கு வைத்திருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் மக்கினி–வென்ரோ சட்டத்திலே கல்விக்கென வகுத்த விதிகளின்படி, பிறர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளைகளும் வீடற்ற மாணவராகவே கொள்ளப்படுவர். அக்கணக்கின்படி 2022–23 கல்வியாண்டில் அத்தகைய மாணவர் 13 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். ஓர் இரவுக் கணக்கிலே பெரியோரும் சிறியோருமாகக் கண்ட தொகையைக் காட்டிலும், பாடசாலைப் பதிவேட்டிற் கண்ட பிள்ளைகளின் தொகை பெரிது! பிள்ளை ஏன் உறங்கி வழிகிறது, வீட்டுப்பாடம் ஏன் எழுதப்படவில்லை, விலாசம் ஏன் அடிக்கடி மாறுகிறது என்று கவனிக்கும் ஆசிரியரும், கைவிளக்கின்றியே எண்ணுகின்ற ஒரு தொண்டராகிறார்.

இவற்றையெல்லாம் கண்டோர் சிலர், ஓர் இரவுக் கணக்கினாற் பயனில்லை என்பர். அவர்கள் சொல்வதில் உண்மையுண்டு. மழை பெய்தால் தொகை குறையும். தொண்டர் குறைந்தாலும் குறையும். 2021ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்றின் காரணமாகப் பல பிரதேசங்கள் தெருவில் எண்ணும் வேலையை நிறுத்திக்கொண்டன. அதனால் அவ்வாண்டுக்கு நாடு முழுவதற்குமான தொகை கிடையாது. குறைவான எண்ணைக் காட்டி, உதவியையும் குறைக்கலாம் என்று வாதிப்போரும் தோன்றக்கூடும். ஆயினும் இதற்கு விடை எண்ணாமல் விடுவதன்று. கிடைத்த தொகையைக் கீழெல்லையாகக் கொள்ளவேண்டும். குறைந்தது இத்தனை பேர் என்று சொல்லவேண்டும். எத்தனை பேரை விட்டிருக்கலாம் என்பதையும் அதனோடு சேர்த்தே சொல்லவேண்டும். தவறு எவ்வளவு என்று தானே அளந்து கூறும் கணக்கு நம்பத்தக்கது.

தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழும் இந்தியாவிலும் வீடற்றோரை எண்ணும் இரவு ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே பெப்ரவரி 28ஆம் தேதி இரவு அதற்கென ஒதுக்கப்பட்டது. நடைபாதையிலும், பெருங்குழாய்களிலும், மேம்பாலங்களின் கீழும், மாடிப்படிகளின் கீழும், கோயில் மண்டபங்களிலும், இரயில் மேடைகளிலும் இருப்போர் அன்று எண்ணப்பட்டனர். தொகை 17 இலட்சத்து 73 ஆயிரம். எண்ணச் சென்றோர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர்கள். பகலிலே வகுப்பில் வரவுப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும் அதே ஆசிரியர்கள், அன்றிரவு பதிவேட்டிற் பெயரில்லாத மக்களைத் தேடிச் சென்றார்கள்.

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் வழங்குகின்றன. தொகை காண்பதும் எண்ணுதல். மனத்திற் கொண்டு நினைப்பதும் எண்ணுதல். ஒருவரைப் பொருட்படுத்தாது விடுவதை ‘ஓர் ஆளாக எண்ணவில்லை’ என்று சொல்வதும் வழக்கு. நியூயோர்க் மண்டபத்திலே தொண்டர்க்கு நிகழும் பயிற்சி இவ்விரு பொருளுக்கும் இடையிலே அமைந்திருக்கிறது. நாள்தோறும் அதே தெருவில் நடந்து, படியோரத்தில் இருப்பவரைக் காணாமற் கண்டு போகக் கண்கள் பழகிவிட்டன. ஓர் இரவுக்காயினும் அப்பழக்கத்தை நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்கும்படி அப்பயிற்சி கட்டளையிடுகிறது.

நான்கு மணி ஆகிறது. குழுக்கள் மண்டபத்துக்குத் திரும்பிப் படிவங்களைக் கொடுக்கின்றன. சில படிவங்களில் இருபது வரி, சிலவற்றில் ஒரு வரி, சிலவற்றிற் பூச்சியம். பெயர்கள் இல்லை. ‘உறங்குகிறார், ஆண், வயது தெரியவில்லை’ என்று ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கலாம். யார் தம்மை எழுதிச் சென்றார் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஆண்டு எத்தனை படுக்கை வேண்டும் என்று ஒரு மேசையில் அமர்ந்து கணக்குப் பார்க்கும்போது, அவரும் அந்தத் தொகையினுள் ஒருவராக இருப்பார். அவர் படுத்திருந்த தெருவின் கோடி வரைக்கும் யாரோ ஒரு தொண்டர் குளிரைப் பொருட்படுத்தாமல் நடந்து வந்திருக்கிறார்.